ஐந்தாவது வரி

சிட்டுவுக்குப் பல் விழுந்த இடத்தில் பள்ளம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் அவசரத்தில், ஒரு கையில் பிரஷ்ஷும் மறு கையில் மகளின் தாடையுமாக நின்றபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். கீழ் வரிசையில், இரண்டு முன்பற்களில் இடப்பக்கத்துப் பல். கொஞ்ச நாள் முன்புவரை ஆடிக்கொண்டிருந்தது. ஏழு வயதில் பல் விழுவது ஊர் உலகத்தில் நடக்காததா என்ன. ஆனால் விழுந்தால் ஒரு குழி இருக்கும், குழிக்குள் கொஞ்சம் சிவந்திருக்கும், அடுத்த பல்லின் வெள்ளை முனை மெல்ல எட்டிப் பார்க்கும். இங்கே ஒன்றுமில்லை. அந்த இடத்தில் பல் என்று ஒன்று முளைத்ததே இல்லை என்பதுபோல ஈறு வழுவழுவென்று மூடிக் கிடந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை.

"பல்லு எப்போடி விழுந்துச்சு? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

சிட்டு வாய் நிறைய நுரையோடு சொன்னாள். "விழலம்மா. குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? யாருக்கு?"

"நீதானே கேட்ட? கரண்டு போன அன்னைக்கு."

துப்பிவிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துத் துடைத்துக்கொண்டு, பையைத் தேடி ஓடிவிட்டாள். அம்மா மட்டும் நுரை வழிந்த கையோடு வாஷ்பேசின் முன்னால் நின்றாள். பின்னால் படுக்கையறையில், சுவரோடு சேர்ந்த அலமாரிக்குள், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் பத்து நாளாகவே இருக்கிறது. சின்னதாக, கடினமாக ஏதோ ஒன்று மரப்பலகையில் தட்டுகிற சத்தம். எலி என்று முடிவு செய்து பொறி வைத்தாள். இதுவரை அதில் மாட்டியது அவளுடைய கட்டைவிரல் மட்டும்தான். ஐந்தாறு நாளாகத் தட்டுவதோடு சுரண்டலும் சேர்ந்துகொண்டது. அலமாரியில் அவள் கணவனின் சட்டைகள் தொங்குகின்றன. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் அந்தக் கதவை அதிகம் திறப்பதில்லை. திறந்தால் அவன் வாசனை வரும், வந்தால் அழுகை வரும், அழுதால் சிட்டு எழுந்துவிடுவாள்.

ஆட்டங்களுக்கு விதி எழுதுவது அவள் வேலை. ஆறே பேர் கொண்ட சின்னக் கம்பெனி. கம்ப்யூட்டரில் ஆடுகிற மந்திரவாதி ஆட்டம் ஒன்றை இரண்டு வருடமாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். கோலை ஆட்டினால் தீ வருவதும் கையை நீட்டினால் மலை பிளப்பதும் எல்லோரும் ஆடிச் சலித்த சமாச்சாரம், புதிதாக எதையாவது கொண்டுவா என்று கேப்டன் சொல்லியிருந்தார். கேப்டன் என்பது முதலாளி. கப்பல் பக்கமே போனதில்லை; எல்லோரையும் மேல்தளத்தில் நிற்க வைத்ததுபோல விரட்டுவதால் வந்த பெயர்.

அவள் கொண்டுவந்த யோசனை இதுதான்: மந்திரம் சும்மா வராது, உடம்பிலிருந்து எதையாவது கொடுத்தால்தான் வரும். அதற்கு ஒரு பட்டியல் போட்டாள். சின்ன ஆசைக்கு நகம், ஒரு பிடி முடி, பால்பல். அதற்கு மேல் ஒரு சுவை, அல்லது ஒரு வாசனை. பெரிய ஆசைக்குக் குரல், பார்வை. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரே ஒரு வரி: ஒருவரை வரவழைக்க, ஒருவர். கொடுத்தது திரும்பாது. பிடுங்கக் கூடாது, மனசு ஒப்பித்தான் கொடுக்க வேண்டும்.

கேப்டனுக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை.

"ஆடுறவனோட குரலே போச்சுன்னா அவன் ஆட்டத்தை மூடிட்டு வேற வேலையப் பாக்கப் போயிடுவான்மா. வேற யாராவது குடுக்கட்டுமே."

இரண்டு நாள் மண்டையைக் குடைந்து அவள் அந்த விதியை எழுதினாள். கேட்பவர் ஒருவர், தருபவர் வேறொருவர். ஒருவரே இரண்டுமாக இருக்கக் கூடாது. தருகிறவர், கேட்கிறவர்மேல் உயிரையே வைத்திருப்பவராக இருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு வீடு திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எந்த விதியையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன் காகிதச் சீட்டுகளில் ஆடிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு சீட்டிலும் ஐந்து வரிகள். கேட்பவர். தருபவர். வேண்டுவது. தருவது. வாங்குபவர். முதல் நான்கும் சரி, ஐந்தாவதில்தான் வண்டி நின்றது. படம் வரைகிற ஓவியத் தம்பிதான் முதலில் கேட்டான்.

"அக்கா, இந்தப் பல்லு, குரலு எல்லாம் எங்க போகுது? வாங்கிக்கிறது யாருன்னு சொன்னாத்தானே நான் அதுக்கு மூஞ்சி வரைய முடியும்?"

அரக்கன், பூதம் என்று எதைச் சொன்னாலும் சின்னப் பிள்ளைத்தனமாக இருந்தது. கேப்டன் கையை வீசினார்.

"காலியா விடும்மா. யார் கண்ணுல படுதோ அவங்க நிரப்பிக்கட்டும்."

அந்த அலுவலகத்தில் அதுதான் நடைமுறை. வரைவில் காலியிடம் இருந்தால் முதலில் பார்க்கிறவர் யாரையும் கேட்காமல் நிரப்பிவிடலாம். வேலை வேகமாக நடக்க வேண்டுமே. அவளும் காலியாக விட்டாள்.

பிறகு எப்போதும்போலச் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தரையில் உட்கார்ந்து சிட்டுவோடு ஆடினாள். ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியாத விதி யாருக்கும் புரியாது என்பது அவள் தொழில் நம்பிக்கை. பட்டியலின் ஒரு நகலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். டிராகனை வீழ்த்து, கோட்டையை மீட்டெடு என்று எழுதினால் சிட்டு கொட்டாவி விடுகிறாள் என்பதால் வீட்டு ஆசைகளையே எழுதினார்கள். கேட்பவர் என்ற இடத்தில் எப்போதும் 'அம்மா'. தருபவர் என்ற இடத்தில் சிட்டு பெயரை எழுதமாட்டாள். ஐந்து இதழ் வைத்து ஒரு பூ வரைவாள். அதுதான் அவள் கையெழுத்து.

பத்து நாளுக்கு முன்பு, மழையில் கரண்டு போன சாயங்காலம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முதல் சீட்டு. கரண்டு வரணும், அதற்கு ஒரு பால்பல். பூவின் கடைசி இதழை முடிக்கும்போது விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்கு நாள் கழித்து இரண்டாவது சீட்டு. அப்பாவுக்குக் காய்ச்சல் குறையணும். அதற்குச் சுண்டுவிரல் நகம். அவள் கணவன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்ச்சல் அன்றே இறங்கியது. மறுநாள் சிட்டுவின் சுண்டுவிரலில் பிளாஸ்திரி இருந்தது. கதவில் நசுங்கிவிட்டதாகச் சொன்னாள், அம்மாவும் நம்பினாள்.

இப்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி அவள் அந்தப் பிளாஸ்திரியை நினைத்தாள். உனக்கென்ன பைத்தியமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சனிக்கிழமை பல் டாக்டரிடம் காட்டினால் போயிற்று.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்து, அலுவலகத்தில் பகலிலேயே டியூப்லைட் போட்டார்கள். இரண்டரை மணிக்கு ஓவியத் தம்பி அவள் மேஜைக்கு வந்தான். கையில் அவள் நேற்று ஒப்படைத்த வீட்டுச் சீட்டுகள்.

"என்னக்கா, அஞ்சாவது வரிய நிரப்பிட்டீங்க போலிருக்கே? சிட்டு நல்லாத்தான் உதவி பண்ணியிருக்கா."

முதல் சீட்டைக் காட்டினான். கரண்டு சீட்டு. 'வாங்குபவர்' என்பதற்கு எதிரே எழுத்து எதுவும் இல்லை. காகிதத்தில் ஒரு கடி. ஒரே ஒரு பல்லின் கடி, அரிசி அளவுக்குச் சின்னது, மறுபக்கம்வரை அழுந்தியிருந்தது. கடி என்றால் மேலும் கீழும் பதியும். இதில் மேல்பல்லின் தடம் இல்லை.

இரண்டாவது சீட்டு. அதே இடத்தில் கீறல்கள். ஒரு சின்ன நகத்தால், ஏதோ எழுத முயன்று, எழுத வராமல், காகிதத்தைச் சுரண்டியதுபோல.

"இந்த மூணாவது எனக்குப் புரியல," என்றான் தம்பி. "இது நீங்க எழுதினதா?"

இரண்டு சீட்டுகளைத்தான் அவள் அந்தக் கட்டுக்குள் வைத்திருந்தாள். மூன்றாவது எப்படி வந்தது? சிட்டுவின் கோணல் எழுத்து. கேட்பவர்: அம்மா. தருபவர் இடத்தில் பூ. வேண்டுவது: அம்மா ராத்திரி அழக்கூடாது. தருவது: இனிப்பு.

ஐந்தாவது வரியில் ஓர் எழுத்தின் பாதி. 'ந' என்று தொடங்கி, வளைவில் தடுக்கி, நின்றுபோயிருந்தது.

நான்கு ராத்திரியாக அவள் கட்டைபோலத் தூங்குகிறாள். உடம்பு அசதி என்று நினைத்தாள். நான்கு நாளாகச் சிட்டு மிட்டாயைத் தொடுவதில்லை. வாங்கிக் கொடுத்த கேக்கை ஒரு வாய் கடித்துவிட்டு, "மண்ணு மாதிரி இருக்கும்மா" என்று தள்ளி வைத்தாள். இவள் அதற்கும் திட்டினாள். தூங்க முடியாமல் அம்மா அழுவதை அந்தக் குழந்தை எத்தனை ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கும்?

"அக்கா? என்னக்கா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கணவன்.

"ஏய், நான் நின்னுட்டேன்," என்றான். மூச்சு வாங்கச் சிரித்தான். "சத்தியமா நின்னுட்டேன். நடக்கிறேன்! ஒரு மணி இருக்கும், கால் ரெண்டும் திடீர்னு தீயா சுட்டுச்சு. இறங்கி நின்னா நிக்குது. நர்ஸம்மா கையில இருந்த தட்டைக் கீழ போட்டுட்டாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒரு வாரம் வச்சுப் பாக்கணுமாம். யாருக்கு வேணும்? சட்டையை மாட்டிட்டு நைசா கிளம்பிட்டேன். மழை கொஞ்சம் விட்டதும் வண்டி பிடிச்சு வந்துடுவேன். சிட்டுகிட்ட சொல்லாத. நானே வந்து கதவைத் தட்டுறேன்."

இரண்டு மாதமாக அவள் கும்பிடாத கும்பிடா, கேட்காத வரமா. கேட்ட சந்தோஷம் நெஞ்சுவரைகூட வரவில்லை. "ஒரு மணிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று அரை நாள் பள்ளி. பன்னிரண்டரைக்குச் சிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். ஃப்ரிட்ஜில் பட்டியல். மேஜை இழுப்பறையில் மீதிச் சீட்டுகள்.

கீழ்வீட்டு அத்தைக்குப் போன் போட்டாள். பள்ளி விட்டு வந்ததும் சிட்டுவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"வந்துட்டாளே. எங்கிட்டேர்ந்து சாவிய வாங்கிட்டு ஓடினா, கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து நின்னா. என்ன கோவமோ, வாயே திறக்கல. எது கேட்டாலும் தலைய தலைய ஆட்டுறா. சரி, அம்மா திட்டியிருப்பா போலன்னு நானும் விட்டுட்டேன்."

"இப்ப எங்க அத்தை?"

"மேலதான் இருக்கா. அங்க போனதும் பாரு, வாய் ஓயல. ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. இதோ இப்பகூடக் கேக்குதே. எங்கிட்ட மட்டும்தான் கோவம் போல."

"அத்தை, மேல போய் அவளைக் கூட்டிட்டு வந்துடுங்க. உடனே."

"முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்கம்மா மாடி ஏற? நீ வா, ஒண்ணும் ஆகாது."

அவள் பையை எடுக்கவில்லை, குடையை எடுக்கவில்லை. தம்பி ஏதோ கூப்பிட்டான். மழை விட்டபாடில்லை, தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர், அதில் வண்டிகளின் விளக்குகள் நடுங்கிக் கலங்கின, எந்த வண்டியும் நிற்கவில்லை, நின்ற ஒன்றும் வேறு பக்கம் போனது. பாதி தூரம் ஓடினாள், மீதி தூரம் யாரோ ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் அவள் தலைக்குள் அந்தப் பட்டியலை யாரோ வாசித்துக்கொண்டே வந்தார்கள். பெரிய ஆசைக்குக் குரல், பார்வை. குரல், பார்வை. எழுதியவள் அவள்தான். பாவி, எழுதியவள் நான்தான்.

வீட்டு வாசலை அடையும்போது மணி நாலரை தாண்டியிருந்தது. மழை இருட்டில் தெருவிளக்குகள் அதற்குள் எரிந்தன. முதல் படியில் கால் வைத்தபோதே சிட்டுவின் சிரிப்பு கேட்டது. அவள் உயிர் திரும்பி வந்தது. கடவுளே, குரல் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் விளக்கு இல்லை. ஈரத் துணி வாசனை, கணவனின் சட்டை வாசனை, அதற்கும் அடியில், அந்த வீட்டில் இருக்கவே காரணமில்லாத ஒரு வாசனை: சூடான சர்க்கரை உருகுகிற வாசனை.

சிரிப்பு நின்றது.

படுக்கையறைக்குப் போனாள். ஸ்விட்சைத் தட்டினாள். கட்டில்மேல் பள்ளிக்கூட நீலக் கவுனோடு சிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சீட்டு. அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாயைத் திறந்தாள். உதடு 'அம்மா' என்று அசைந்தது.

ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

அலமாரிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஐ, அம்மா வந்தாச்சு!"

சிட்டுவின் குரல். அதே கீச்சு, அதே செல்லம்.

அலமாரியையே பார்த்தபடி, பக்கவாட்டில் நகர்ந்து, குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மடியிலிருந்த சீட்டு தரையில் விழுந்து மல்லாந்தது. வேண்டுவது: அப்பா நடக்கணும். தருவது: குரல். பூ. ஐந்தாவது வரியில் கடி இல்லை, கீறல் இல்லை. பென்சிலால், தெளிவாக, சிட்டுவின் அதே கோணல் எழுத்தில் எழுதியிருந்தது.

நான்.

வாசல்வரை ஓடினாள். ஓடித்தான் போனாள். ஆனால் இடுப்பில் குழந்தை அழ ஆரம்பித்தது. தோள் குலுங்க, வாயை முழுக்கத் திறந்து, கண்ணீர் கழுத்துவரை வழிய, சத்தமே இல்லாமல். தொண்டையைத் தொட்டுத் தொட்டு அலமாரி இருக்கும் பக்கம் காட்டியது. சத்தமில்லாத அந்த அழுகையை அவளால் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை. இப்படியே ஓடினால் குழந்தை மிஞ்சும், குரல் இந்த வீட்டிலேயே கிடக்கும். அதுவும் அதனிடம்.

விதி எழுதுகிறவள் அவள். எந்த விதியிலும் ஒரு சந்து இருக்கும். அவள் எழுதிய விதியில் அவளுக்குத் தெரியாத சந்தா?

உள்ளே திரும்பி வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு சீட்டுதான் மீதி. பென்சிலோடு எடுத்துக்கொண்டு சிட்டுவைக் கட்டிலில் உட்கார வைத்தாள். அலமாரிக்கு முதுகு காட்டாமல் எதிரே மண்டியிட்டாள். கொடுத்தது திரும்பாது. சரி, திரும்ப வேண்டாம். திரும்பக் கேட்காதே. வரவழை. உச்சி வரி. ஒருவரை வரவழைக்க, ஒருவர்.

மூன்றாவது வரியில் எழுதினாள்: சிட்டு முழுசா வரணும். நான்காவது வரியில்: ஒருவர்.

அந்த ஒருவர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை: அவளேதான். கணவனுக்குக் கால் வந்துவிட்டது, அவன் சிட்டுவைப் பார்த்துக்கொள்வான். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னத் தெரியாது, கற்றுக்கொள்வான். கேட்கிறவளும் தருகிறவளும் ஒருத்தியாக இருக்கக் கூடாது என்பதால் இந்த முறை சிட்டு கேட்க வேண்டும், அவள் தருவாள். அவ்வளவுதான்.

"கண்ணு, இங்க பாரு. இந்த வாட்டி மாத்தி ஆடப் போறோம். நீ கேக்கற, அம்மா குடுக்கறேன். முதல் வரியில உன் பூவைப் போடு. முதல் வரி. மேல இருக்கே, இது."

சிட்டு சீட்டை வாங்கினாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள், உதடு ஒவ்வொரு எழுத்துக்கும் அசைந்தது. 'ஒருவர்' என்ற இடத்தில் நின்றது. நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிளாஸ்திரி ஒட்டிய சுண்டுவிரலால் அவள் கன்னத்துத் தண்ணீரைத் துடைத்தாள்.

பிறகு குனிந்து, ஐந்து இதழ் வைத்து, பூ வரைந்தாள்.

இரண்டாவது வரியில்.

எப்போதும் போடுகிற இடத்தில். பழக்கமா? தெரிந்தேதானா? அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஐயோ, அங்க இல்லடி! அங்க இல்ல!"

ரப்பர். ரப்பர் எங்கே? சிட்டுவின் பள்ளிப் பையைக் கவிழ்த்தாள். புத்தகம், டப்பா, ஸ்கேல். எச்சிலைத் தொட்டு அழிக்கலாம். சீட்டைப் பிடுங்கினாள். ஈரக் கை. வழுக்கியது. சீட்டு கீழே விழுந்து, தரையில் சறுக்கி, அலமாரிக் கதவுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. முதல் வரி காலி. கேட்பவர் யாரும் இல்லை. கேட்பவர் இல்லாத சீட்டு செல்லாது. செல்லாது.

பாய்ந்தாள்.

கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி. அதன் வழியே நகம் ஒன்று வெளியே வந்தது. சின்னது. சுண்டுவிரல் நகம். சீட்டின் ஓரத்தைக் கொக்கி போட்டு, மெதுவாக, உள்ளே இழுத்தது.

"மேல காலியா இருக்கும்மா," என்றது குரல். "நானே நிரப்பிடறேன்."

கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள். உள்ளே பென்சில் காகிதத்தில் ஓடும் சத்தம். நிதானமாக. அழகாக எழுத நினைக்கும் குழந்தைபோல.

சீட்டு வெளியே வந்தது.

கேட்பவர்: அம்மா.

அவள் திரும்பினாள். கட்டிலில் நீலக் கவுன் மட்டும் இருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கணம் நின்று, பிறகு தோள் மடிந்து, இடுப்பு மடிந்து, மெல்ல மெத்தையில் சரிந்தது. கழுத்துப் பட்டன் போட்டபடியே இருந்தது. பிளாஸ்திரி மெத்தைமேல் கிடந்தது.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. கவுனை அள்ளினாள். சூடாக இருந்தது. முகத்தில் வைத்துக்கொண்டாள். சிட்டுவின் வியர்வை வாசனை.

அலமாரிக் கதவு தானாகத் திறந்தது.

அப்பாவின் சட்டைகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு சிட்டு வந்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்றை முழங்கால்வரை போட்டிருந்தாள். பத்து விரலிலும் நகம். நெற்றியில் சிட்டுவுக்கு இருக்கும் அதே தழும்பு. சிரித்தாள். கீழ் வரிசையில் பல் இருந்தது, பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் வெளுப்பாக. கேட்டது வந்துவிட்டது. முழுசாக.

"ஏம்மா அழற? அழக்கூடாதுன்னு எழுதினேனே," என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இழுப்பறையில் மீதியிருந்தது ஒரே சீட்டுதான். ஆனால் சிட்டுவின் கையில் ஒரு கட்டு இருந்தது. விரலில் எச்சில் தொட்டுப் பிரித்து, தனக்கொன்று, அம்மாவுக்கொன்று என்று வைத்தாள். யோசித்து, காலியாக இருந்த மூன்றாவது பக்கத்திலும் ஒன்று வைத்தாள்.

கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் காலடிகள். புதுக் கால், தடுமாறி, நின்று, மறுபடி ஏறுகிற காலடிகள். பாதியிலேயே அவன் குரல் சந்தோஷத்தில் உடைந்து கூப்பிட்டது.

"சிட்டூ! யார் வந்திருக்கான்னு பாரு!"

"இதோ வந்துட்டேன்ப்பா!"

அது எழுந்து, சட்டை முழங்காலில் படபடக்க ஓடி, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. அவள் கவுனை நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது தலையைச் சாய்த்து, சிட்டு சாய்ப்பதுபோலவே சாய்த்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது.

"இனிமே மூணு பேரா ஆடலாம்மா. அப்பாவுக்கும் என்மேல உயிருதானே."

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் கையிலிருந்த கவுன் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.